கேமராவைக் கேட்டுக் கார்டு வாங்குங்கள்

இணைச்சீர் ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு முறைதான் நடக்கும். மாப்பிள்ளைக்கும் அவர் உடன்பிறந்தவளுக்கும் உரிய சீர் அது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் கொங்கு வீடுகளில் முகூர்த்தத்துக்கு முன்பாக இதைச் செய்வார்கள். பல வருடங்களுக்கு முன் மோகனூர் சாலையில் ஒரு மண்டபம். விடியற்காலை நேரம். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் தொடங்கிவைக்க, நான் பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பேன். கேமராவின் பின்பக்கச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. பொத்தானை அழுத்தினால் ஷட்டர் விழவில்லை. கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. வேறு கார்டு பையில் இருந்தது. பை பெண் வீட்டார் அறையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் சீர் முடிந்துவிட்டது. "ஏனுங் தம்பி, புள்ளையோட சீரு எடுத்தாச்சுங்களா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

64 ஜிபி என்று அச்சிட்டிருந்த அந்தக் கார்டு 8 ஜிபி கூடக் கொள்ளாத போலி என்று மறுநாள் சோதித்தபோது தெரிந்தது. வாங்கிய அன்றே அரைமணி நேரம் செலவிட்டிருந்தால் அதை அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி வாங்கட்டும்?" என்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் கேமராவின் ஸ்லாட் எது என்பது முதல் கேள்வி. நீங்கள் எடுக்கப் போகும் மிகக் கடினமான வேலைக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பது இரண்டாவது. இந்த அத்தியாயமும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் ஸ்லாட்

கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள்.

1. கேமராவின் முகப்பிலோ அடியிலோ உள்ள மாடல் பெயரை முழுதாக ஒரு தாளில் எழுதுங்கள். 'மார்க் 2', 'மார்க் 3' என்று வரும் வாலையும் விடாதீர்கள். வால் மாறினால் ஸ்லாட்டும் மாறலாம்.
2. கேமராவை அணைத்துவிட்டுக் கார்டு மூடியைத் திறங்கள். ஸ்லாட் ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் இரண்டும் ஒரே அளவா?
3. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தொழில்நுட்ப விவரங்கள் இருக்கும். அதில் கார்டு பற்றிய வரியைத் தேடி, கார்டு வகை, வேக வகை யூஹெச்எஸ்-1 ஆ யூஹெச்எஸ்-2 ஆ என்ற இரண்டையும் அதே தாளில் எழுதுங்கள். கையேடு தொலைந்திருந்தால் கேமரா தயாரிப்பாளரின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் கையில் பெரும்பாலும் கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்கள்தான் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே எஸ்டி ஸ்லாட்தான், எதுவும் யூஹெச்எஸ்-2 இல்லை. அவர்களுக்கு முடிவு எளிது: நல்ல யூஹெச்எஸ்-1 எஸ்டி கார்டு. அதைவிட விலை கூடிய யூஹெச்எஸ்-2 கார்டைப் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் யூஹெச்எஸ்-1 வேகத்தைத் தாண்டாது. கூடுதலாகக் கொடுத்த பணத்தால் கேமராவுக்குள் ஒரு பயனும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்குபவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கேனான் 40டி, நிக்கான் டி300 போன்ற பழைய கேமராக்கள் காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டில் ஓடுபவை. 1994இல் வந்த வகை அது. எஸ்டி கார்டைவிடப் பெரிதாகத் தடித்து இருக்கும். அதன் ஸ்லாட்டுக்குள் 50 மெல்லிய ஊசிகள் உண்டு. கார்டைத் திருப்பியோ சாய்த்தோ அழுத்தினால் ஒரு ஊசி வளையும். அந்த ஒன்று போதும், கேமரா சர்வீஸுக்குப் போய்விடும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டார்ச் அடித்து ஊசிகள் எல்லாம் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3 இன்னும் பல கல்யாண ஸ்டூடியோக்களில் உழைக்கிறது. அதில் ஒரு காம்பேக்ட் ஃப்ளாஷ் ஸ்லாட், ஒரு எஸ்டி ஸ்லாட். அந்த எஸ்டி ஸ்லாட் யூஹெச்எஸ் வேகத்தை ஏற்காது. எவ்வளவு வேகமான எஸ்டி கார்டு போட்டாலும் அது மெதுவாகத்தான் எழுதும். இரண்டு கார்டிலும் ஒரே படத்தைப் பதியச் சொன்னால், மெதுவான கார்டுக்காக வேகமான கார்டும் காத்திருக்கும். கேமரா பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் சர்வீஸுக்குத் தூக்கிப்போவது இதனால்தான்.

2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3இல் இரண்டும் எஸ்டி ஸ்லாட்டுகள்தான், ஆனால் முதல் ஸ்லாட் யூஹெச்எஸ்-2, இரண்டாவது யூஹெச்எஸ்-1. வேகமான கார்டு முதல் ஸ்லாட்டுக்கே. அதே வருடம் வந்த நிக்கான் இசட்6இல் எக்ஸ்கியூடி என்ற வகைக்கு ஒரே ஸ்லாட். பிறகு வந்த மென்பொருள் புதுப்பிப்பைப் போட்டால் அதிலேயே சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டும் ஓடும். கேனான் ஆர்5இல் ஒரு சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி ஸ்லாட், ஒரு எஸ்டி ஸ்லாட். சோனி ஏ7 மார்க் 4இன் முதல் ஸ்லாட்டில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ அல்லது எஸ்டி, எதை வேண்டுமானாலும் போடலாம்.

எச்சரிக்கை: காம்பேக்ட் ஃப்ளாஷையும் சிஎஃப்எக்ஸ்பிரஸையும் கடைக்காரர்கள் சுருக்கமாக 'சிஎஃப்' என்றே சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு பொருள்கள், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. சிஎஃப்எக்ஸ்பிரஸிலும் டைப் ஏ சிறியது, டைப் பி பெரியது. தாளில் எழுதிக்கொண்டு போகச் சொன்னது இதற்காகத்தான்.

கார்டின் முகத்தைப் படியுங்கள்

ஒரு எஸ்டி கார்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விரல்நகத்தைவிடச் சற்றுப் பெரிய அந்தப் பரப்பில் ஆறேழு குறிகள் இருக்கும். கண்ணை முதலில் இழுப்பது பெரிய எழுத்தில் உள்ள ஒரு எண்: 170, 200 என்று இருக்கும், பக்கத்தில் விநாடிக்கு எம்பி என்ற குறி. கார்டை விற்பதற்காகப் போட்ட எண் அது. பெரும்பாலான கார்டுகளில் அது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படிக்கும் வேகம், அதுவும் 'இவ்வளவு வரை' என்ற உச்ச அளவு. யூஹெச்எஸ்-1 வகையின் எல்லையே விநாடிக்கு 104 எம்பிதான். அதற்கு மேலே உள்ளது அந்தத் தயாரிப்பாளரின் தனி ஏற்பாடு. அதற்குப் பொருந்தும் ரீடரில் மட்டும் கிடைக்கும், கேமராவுக்குள் கிடைக்காது.

நீங்கள் தேட வேண்டியது சிறிய குறிகளை. அவை எழுதும் வேகத்தைச் சொல்கின்றன, அதுவும் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதியாக.

வட்டம் போன்ற ஆங்கில எழுத்து சி, அதற்குள் 10: விநாடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும்.

கிண்ணம் போன்ற யூ எழுத்து, அதற்குள் 1 அல்லது 3: ஒன்று என்றால் 10 எம்பி, மூன்று என்றால் 30 எம்பி.

வி என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் 30, 60, 90 என்று ஒரு எண்ணும்: அந்த எண்தான் விநாடிக்குக் குறைந்தபட்ச எம்பி. வீடியோ எடுப்பவர் இந்த ஒரு குறியைப் பார்த்தாலே போதும்.

இவை தவிர, செங்குத்துக் கோடு ஒன்று தனியாக இருந்தால் யூஹெச்எஸ்-1, இரண்டு கோடுகள் இருந்தால் யூஹெச்எஸ்-2. சந்தேகம் இருந்தால் கார்டைத் திருப்புங்கள். தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசை என்றால் யூஹெச்எஸ்-1. அதன் கீழே இரண்டாவதாக ஒரு வரிசை இருந்தால் யூஹெச்எஸ்-2. அச்சைப் போலியாகப் போட்டுவிடலாம், இல்லாத தகட்டு வரிசையைப் போடுவது கடினம்.

குடும்பப் பெயரும் முகத்திலேயே இருக்கும். வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை. எஸ்டிஹெச்சி என்றால் அதற்கு மேல் 32 ஜிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி என்றால் அதற்கு மேல் 2 டிபி வரை. புதிய கேமரா பழைய குடும்பத்துக் கார்டை ஏற்கும். பழைய கேமரா புதிய குடும்பத்தை ஏற்காது. 2008இல் வந்த நிக்கான் டி90க்கு 64 ஜிபி கார்டு வாங்கினால் வீண். அதற்கு 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறிப்பு: செல்போனுக்கான மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடுவது அவசரத்துக்கு மட்டும். அடாப்டருக்குள் தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடம் இன்னொன்று கூடுகிறது; தொடர்பு விட்டுப்போகவும் வாய்ப்புக் கூடுகிறது. கல்யாண வேலைக்கு அது வேண்டாம்.

உங்கள் வேலைக்கு எவ்வளவு வேகம்

ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். வீடியோவின் வேகத்தைக் கேமராக்கள் மெகாபிட்டில் சொல்லும், கார்டுகள் மெகாபைட்டில் சொல்லும். எட்டால் வகுத்தால் ஒன்று மற்றொன்றாகும்.

1. கேமராவின் வீடியோ மெனுவில் நீங்கள் பயன்படுத்தும் தரத்தைப் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம்.
2. எட்டால் வகுங்கள். 12.5 எம்பி.
3. அதைவிடத் தாராளமாக மேலே உள்ள வி எண்ணை எடுங்கள். வி30 போதும். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி, அப்போது வி60. 600 மெகாபிட் என்றால் 75 எம்பி, வி90.

கல்யாணத்துக்கு 4கே எடுக்கும் பெரும்பாலான கேமராக்களுக்கு வி30 சரியாக இருக்கும். வேகம் போதாத கார்டில் வீடியோ தானாகவே நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளச் சத்தத்தில் பதிவு நின்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள். திரையில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பது நல்ல பழக்கம்.

படம் மட்டும் எடுப்பவருக்குக் கணக்கு வேறு. ஒவ்வொன்றாக எடுத்தால் எந்த நல்ல கார்டும் போதும். பொத்தானை அழுத்திப் பிடித்து வரிசையாக எடுப்பவர்களுக்குத்தான் சிக்கல். ஆடி மாதம் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தை எடுக்கிறீர்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. விநாடிக்கு 10 படம் என்றால் விநாடிக்கு 300 எம்பி வரை வந்து குவிகிறது. யூஹெச்எஸ்-1 கார்டு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எழுதாது. மீதி கேமராவின் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் தேங்கும். அது நிறைந்தால் ஷட்டர் தடுமாறும். அம்பு கையை விட்டுப் போகும் நேரத்தில் கேமரா எழுதிக்கொண்டிருக்கும்.

இதற்கு மூன்று வழிகள். பொத்தானை நீளமாகப் பிடிக்காமல் மூன்று நான்கு படங்களாக விட்டு விட்டு எடுப்பது முதல் வழி, செலவில்லாதது. ராவை விட்டு ஜேபெக்கில் எடுப்பது இரண்டாவது. கேமராவின் ஸ்லாட் ஏற்குமானால் யூஹெச்எஸ்-2 அல்லது சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டுக்குப் போவது மூன்றாவது. முதல் வழியைப் பழகிக்கொள்ளாமல் மூன்றாவதற்குப் பணம் போடாதீர்கள்.

லாரி உரிமையாளர்கள் சிலர் என்னிடம் வண்டியின் டேஷ் கேமராவுக்குக் கார்டு கேட்பார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்களும் கேட்பதுண்டு. அந்தக் கேமரா இரவும் பகலும் பழையதை அழித்து அழித்து எழுதுகிறது. சாதாரணக் கார்டு சீக்கிரமே தேய்ந்துவிடும். அட்டையில் 'ஹை என்டியூரன்ஸ்' என்று போட்ட மைக்ரோ எஸ்டி வாங்குங்கள். அங்கே வேகத்தைவிட உழைப்புதான் முக்கியம்.

எத்தனை ஜிபி, எத்தனை கார்டு

64 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் 59 சொச்சம் என்று காட்டும். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், கம்ப்யூட்டர் 1,024ஆல் கணக்கிடுகிறது. அந்தக் கார்டில் ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுத்தால் ஏறக்குறைய 1,500 படங்கள் பிடிக்கும். 100 மெகாபிட் வீடியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபியில் 80 நிமிடம் வரும்.

ஒரே ஸ்லாட் உள்ள கேமரா வைத்திருப்பவருக்கு என் தீர்மானமான ஆலோசனை: 256 ஜிபி ஒன்று வேண்டாம், 64 ஜிபி நான்கு வாங்குங்கள். முதல் நாள் மாலை வரவேற்புக்கு ஒன்று, இணைச்சீருக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, கையிருப்பாக ஒன்று. ஒரு கார்டு போனாலும் கல்யாணம் முழுதும் போகாது. கார்டை மாற்றுவது சீர்களுக்கு நடுவில் உள்ள இடைவேளையில் இருக்கட்டும்; நாதஸ்வரம் ஓயும் நேரத்தைப் பார்த்து மாற்றிவிடலாம். கையிருப்புக் கார்டு பையில் கூடாது, உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். நான் இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன ஜிப் உறை கட்டியிருக்கிறேன். மோகனூர் சாலை மண்டபத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

இரண்டு ஸ்லாட் உள்ளவர்கள் மெனுவில் 'பேக்கப்' முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். ஒன்று நிறைந்ததும் அடுத்தது என்ற முறையைப் பலர் தெரியாமல் வைத்திருக்கிறார்கள். கேமரா வாங்கும்போதே அப்படி வந்திருக்கலாம். இன்றே மெனுவைத் திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டு கார்டும் ஒரே அளவு, ஒரே வேகம் என்று வைத்தால் சிக்கல் குறையும்.

கார்டுகளுக்கு எண் போடுங்கள். அழியாத மார்க்கர் பேனாவால் முகப்பில் 1, 2, 3 என்றும் வாங்கிய மாதம், வருடமும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெயிலில் பசை இளகி, ஸ்டிக்கர் ஸ்லாட்டுக்குள் சுருண்டு மாட்டிக்கொண்ட கேமராவை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய அன்றே சோதனை

போலிக் கார்டின் உள்ளே நடப்பது இதுதான்: 8 ஜிபி சில்லை வைத்து, நான் 64 ஜிபி என்று கேமராவிடம் சொல்லும்படி செய்துவிடுகிறார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு எழுதுவது பழைய படத்தின் மேலேயே விழும், அல்லது எங்குமே பதியாது. எடுத்த படத்தைக் கேமராத் திரை காட்டுவதால் உங்களுக்குச் சந்தேகமும் வராது.

1. பில்லோடு வாங்குங்கள். பில் தராத இடத்தில் கார்டு வாங்காதீர்கள். உறை கிழியாமல், உத்தரவாத விவரம் அச்சிட்டதாக இருக்க வேண்டும்.
2. விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3. இரண்டும் இலவசம்.
3. புதிய, வெற்றுக் கார்டை ரீடரில் போட்டு, முழு அளவுக்கும் எழுதிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 64 ஜிபிக்கு நல்ல ரீடரில் அரைமணி அளவில் முடியும்.
4. பிழை இல்லை என்று வந்தால் கார்டின் அளவு உண்மையானது. அத்தோடு எழுதும் வேகமும் தெரிந்துவிடும். அதைக் குறித்து வையுங்கள்.
5. பிழை என்று வந்தால், பில்லோடு அன்றே திருப்பிக் கொடுங்கள். 'பாதி அளவாவது பயன்படும்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.
6. சரியான கார்டைக் கேமராவில் போட்டு, அங்கேயே ஃபார்மட் செய்து, வீட்டில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

குறிப்பு: கார்டு ரீடரிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய யூஎஸ்பி 2 ரீடரில் 64 ஜிபியை இறக்க அரைமணிக்கு மேல் ஆகும். உள்ளே நீல நாக்கு உள்ள யூஎஸ்பி 3 ரீடரில் யூஹெச்எஸ்-1 கார்டுக்கே கால்மணிக்குள் முடியும்.

ஃபார்மட்: எங்கே, எப்போது

கார்டுக்குள் படங்களை அடுக்கிவைக்கும் முறைக்கும் ஃபார்மட் என்றுதான் பெயர். 32 ஜிபி வரை உள்ள கார்டுகளைக் கேமரா ஃபேட்32 முறையில் அடுக்கும். அதற்கு மேல் எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால்தான் சிறிய கார்டில் எடுத்த நீண்ட வீடியோ இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கிறது. எதையும் அழிக்காமல் எல்லாத் துண்டுகளையும் எடுத்து எடிட்டிங்கில் வரிசையாக ஒட்டினால் இடைவெளி தெரியாது. மண்டபத்து எல்இடி திரைக்காரரின் பழைய பெட்டியில் எக்ஸ்ஃபேட் கார்டு திறக்காமல் போகலாம். அவருக்கு உங்கள் கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்; வீடியோவைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுங்கள்.

வேலை முடிந்த இரவிலிருந்து தொடங்கும் வரிசை இது. இதில் ஒரு படியும் இடம் மாறக் கூடாது.

1. கார்டை எடுக்குமுன் கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா பாருங்கள். எரியும்போது மூடியைத் திறப்பதும் பேட்டரியைக் கழற்றுவதும்தான் கார்டு கெடுவதற்குப் பெரிய காரணங்கள்.
2. எஸ்டி கார்டின் ஓரத்தில் உள்ள சிறிய பூட்டை 'லாக்' பக்கம் தள்ளுங்கள். இனி ரீடர் அதில் எதையும் எழுதாது.
3. கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். 'கட்' செய்து ஒட்டாதீர்கள், 'காப்பி' மட்டும். கட் செய்யும்போது நடுவில் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் இழக்க நேரலாம்.
4. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல்.
5. படங்களின் எண்ணிக்கை மூன்று இடத்திலும் ஒன்றா என்று பாருங்கள். முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். சின்ன முன்னோட்டப் படம் நன்றாக இருந்தும் உள்ளே பாதி சாம்பல் நிறமாக இருப்பதுண்டு.
6. அதுவரை பயன்படுத்திய கார்டுகளை உறையில் முகம் கீழாகத் திருப்பி வையுங்கள். முகம் மேலாக இருந்தால் வெற்றுக் கார்டு, கீழாக இருந்தால் படம் உள்ள கார்டு. உதவியாளருக்கும் இதையே சொல்லிக்கொடுங்கள்.
7. அடுத்த வேலைக்கு முந்தைய நாள், பூட்டைத் திறந்து, எந்தக் கேமராவில் போடப்போகிறீர்களோ அதே கேமராவில் ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். கேமரா தனக்குத் தேவையான கோப்புறைகளைத் தானே அமைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு படமாக அழித்து இடம் பிடிப்பது வேண்டாம், அதுவும் மண்டபத்தில் அவசரத்தில் வேண்டவே வேண்டாம். அழிக்கக் கூடாதது அழிவது அந்த நேரத்தில்தான்.

தூசி, சூடு, பனி

கார்டுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். கெடுவது தகடுகளும் ஸ்லாட்டும்தான். நம் ஊர்த் தொழில்கள் எல்லாமே தூசியோடு நடப்பவை. கோழிப்பண்ணையில் தீவனத் தூள் பறக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடத்தில் பஞ்சு மிதக்கும். நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பொறியும் இரும்புத் தூளும். இரும்புத் தூள்தான் மூன்றிலும் ஆபத்தானது; தகடுகளுக்கு நடுவில் ஒட்டினால் மின்சாரம் தப்பான வழியில் பாயும். இந்த இடங்களுக்குள் கார்டு மூடியைத் திறக்காதீர்கள். வாசலுக்கு வெளியே போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மாற்றுங்கள். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுபையை வைத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். தகடுகளை விரலால் தொட்டிருந்தால் உலர்ந்த மென்மையான துணியால் துடைத்தாலே போதும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். அதே ஈரம் ஸ்லாட்டிலும் படியும். பையைத் திறக்காமல் அரைமணி விட்டுப் பிறகு கேமராவை எடுங்கள். ஆகாயகங்கை அருவியில் படிக்கட்டில் இறங்குமுன்பே வெற்றுக் கார்டைப் போட்டுக்கொள்ளுங்கள்; சாரலில் நின்று மாற்றாதீர்கள். சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கார்டு உறையை வைப்பதும், சட்டைப் பையில் போட்டுத் துவைக்கக் கொடுப்பதும் நடக்கிற தவறுகள்தான்.

படம் காணோம் என்றால்

1. உடனே நிறுத்துங்கள். அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழிந்த படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதன் மேல் புதியது விழுந்தால்தான் போகும்.
2. 'ஃபார்மட் செய்யவா?' என்று கம்ப்யூட்டரோ கேமராவோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.
3. பூட்டை லாக் செய்து, தனி உறையில் வைத்து, வேறு கார்டில் வேலையைத் தொடருங்கள்.
4. வீட்டுக்கு வந்ததும் வேறொரு ரீடரில் போட்டுப் பாருங்கள். சில சமயம் பழுது ரீடரில்தான் இருக்கும்.
5. இல்லையென்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்கும் படங்களை ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல.
6. மீட்டாலும் அந்தக் கார்டை மறுபடி தொழிலுக்கு எடுக்காதீர்கள். ஒரு முறை காரணமில்லாமல் பிழை காட்டிய கார்டை நான் உடைத்துப் போட்டுவிடுகிறேன்.

எச்சரிக்கை: கேனான் மெனுவில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்து ஃபார்மட் செய்தால் கார்டு முழுதும் துடைக்கப்படும். எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இரண்டு நகலும் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

மோகனூர் சாலைக் கார்டில் ஃபோட்டோரெக்கும் ஒன்றும் மீட்கவில்லை. அந்த வீட்டு ஆல்பத்தில் இணைச்சீருக்கு உரிய பக்கத்தில், மாப்பிள்ளையின் மச்சான் செல்போனில் எடுத்த ஒரே ஒரு படம் இருக்கிறது.